'பாத்தா' என்று எழுதிவைத்தவன்

புத்தூரிலிருந்து நிர்மலாவின் அழைப்பு வந்தபோது நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணா, அவரு போயிட்டாரு," என்றாள். எங்கே என்று கேட்கவில்லை; கேட்காமலே விளங்குகிற வயது வந்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த தனபால் எழவேயில்லையாம். ஷட்டரை அப்படியே இறக்கினேன். சாவுக்குப் போய்ப் போய் அலுத்துவிட்ட வருடம் இது. அழுகை பஸ்ஸில்தான் வந்தது.

உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் அவனும் நானும் கூட்டாக நடத்திய கேம் சென்டரில் ஆடியவர்கள்தானே நீங்கள்! வேலை வெளியூரில்தான் என்று ஆளாளுக்குப் பெங்களூருக்கும் குவைத்துக்கும் கிளம்பிய காலம். போகிறவர்கள், "அண்ணா, என் கேமு?" என்று வந்து நிற்பீர்கள். போகிற இடத்துக் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள். அதனால் செருகினாலே ஓடும்படி ஒவ்வொரு ஆட்டத்தையும் தனி ஃபோல்டரில் கட்டி, நீங்கள் ஆடி நிறுத்திய இடத்தையும் அதற்குள்ளேயே சேர்த்து, பென் டிரைவில் போட்டுத் தருவான். "ஆட்டம் ஒரு எடத்துல, ஆடுனவன் ஒரு எடத்துல கீறதுக்குப் பேரு குடும்பமாப்பா?" என்பான். அவன் மனைவி அப்போது குவைத்தில் இருந்தாள்.

நிர்மலா அங்கே ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். போனில் நாலு வார்த்தை பேசுவதே அபூர்வம். அதனால் இருவரும் சேர்ந்து, ஊர் கட்டும் ஆட்டம் ஒன்றை ஆடினார்கள். லீவில் வந்து திரும்புகிறவர்களின் பையில் டிரைவ் போகும், வரும். இவன் ஒரு தெரு போட்டு அனுப்பினால், அவள் அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு குளம் வெட்டி அனுப்புவாள். காப்பி ஒன்று எடுத்து வை என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "ரெண்டு எடத்துல ஒரே ஊரு இருந்தா எது நெசம்?" என்றான். பிடிவாதக்காரன்.

ஓட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிற ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் பி, ஏ, டி, ஹெச், ஏ என்று போடுவது அவன் வழக்கம். 'பாத்தா'. 'பாத்தாச்சு' என்பதன் சுருக்கம்; அதாவது, பார்த்தாயிற்று. எங்கள் பக்கத்துப் பிழைப்பு அப்படி: வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் எழுத்து. அதே எழுத்துகளைத் தெலுங்காகப் படித்தால் 'பாத', பழசு. ஒருமுறை அந்த ஆட்டத்தின் புதுப் பதிப்பையும் அதே டிரைவில் போட்டு அனுப்பினான். இடம் போதவில்லை என்று நிர்மலா 'பழசை' அழித்துவிட்டாள். வருடக்கணக்காகக் கட்டிய ஊர் போயிற்று.

அவள் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "பழசுன்னுதானே எழுதி வச்சிக்கீறே!" என்று அவள் அழுவது எனக்கே கேட்டது. திட்டப்போகிறான் என்று நினைத்தேன். "பாத்துட்டேன்னு எழுதுனேம்மா," என்றான். பிறகு, "நான் இங்க கட்டிக்கினு, நீ அங்க கட்டிக்கினு... போதும். வந்துடு," என்றான். ஒப்பந்தம் முடிந்ததும் அவள் வந்துவிட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் நிர்மலா ஒரு பை நிறைய டிரைவ்களை என்னிடம் கொடுத்தாள். "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குடு அண்ணா. எது எங்க கீதுன்னே எனுக்குத் தெரியல." திறந்து திறந்து கண் எரிகிறது. ஒரே ஆட்டம் நாலு டிரைவில் கிடக்கிறது. உங்கள் பெயர் போட்ட ஃபோல்டர்கள் வேறு, நீங்களே மறந்திருப்பீர்கள். எதையும் தூக்கிப் போடாதவனோடு கூட்டு வைத்தால் கடைசியில் இதுதான் கதி.

ஒரு டிரைவில் அந்த ஊர் கட்டும் ஆட்டம் இருந்தது. அவள் வந்த பிறகு, ஒரே வீட்டில் இருந்துகொண்டே, முறை வைத்து மறுபடியும் முதலிலிருந்து கட்டியிருக்கிறார்கள். கடைசியாக ஆடியவள் நிர்மலா. அடுத்தது தனபாலின் முறை.

போனில் சொன்னேன். "நீ ஆடிடாதே அண்ணா," என்றாள்.

ஆடவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து அவளிடமே கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் அந்த ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். பெரிய தெருவில், அவர்கள் வீட்டை ஒட்டி, ஒரு கடைக்கு என் பெயரை வைத்திருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, பாவி. அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கடையைத்தான்.