அண்ணி சொன்ன பெயர்

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். சௌந்தரம் அண்ணி போனால் கூட்டம் அண்ணன் வீட்டு வாசலில் நிற்காது, மாதர் சங்க வாசலில்தான் நிற்கும் என்று சொல்லியிருந்தேன். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் விலை பேசிக்கொண்டிருந்தபோது சாவுச் சேதி வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன், சங்கத்துப் பெண்கள் நீங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றீர்கள்.

அண்ணன் பெயர் ரங்கசாமி. புருஷன் பெயரைச் சொல்லலாகாது என்பதால் அண்ணி ஸ்ரீரங்கம் என்றுகூடச் சொல்லமாட்டார். பஸ்ஸில், "பெரிய கோயிலுக்கு ஒரு டிக்கெட்" என்பார்.

"தஞ்சாவூருக்கா? இந்த பஸ் அங்க போகாதேம்மா" என்று கண்டக்டர் சீண்டுவார்.

"உன் சம்சாரம் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், நானும் ஊர்ப் பேரைச் சொல்றேன்."

கொள்ளிடக்கரையில் எங்கள் ஊருக்கு பிளாக் ஆபீஸ் பணத்தில் சங்கக் கட்டடம் வந்தது, தையல் மிஷினும் வந்தது. பெயர்ப்பலகை பெண்களுடையது, சாவி பஞ்சாயத்துத் தலைவரான அண்ணனுடையது. உள்ளே அவருடைய உரமூட்டைகள். "அமோனியா மூட்டைக்குச் சட்டை தைக்கத்தான் சர்க்கார் மிஷின் கொடுத்திருக்கு, தம்பி" என்பார் அண்ணி.

புதிதாக வந்த ஆபீசர் ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டார்: கட்டடம் பூட்டியே கிடந்தால் மிஷின் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

"சாவி யார்கிட்ட?"

ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். அண்ணி எழுந்தார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட."

"பேர் சொல்லுங்கம்மா, எழுதணும்."

இப்படிப்பட்ட சமயத்தில் பக்கத்தில் இருப்பவர் பெயரை எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம். தலைவருக்குப் பயந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் பாய்ந்து எழுந்து, "சொல்லுங்க அண்ணி, நான் இருக்கேன்!" என்று முழங்கினேன். அக்கரைக் கோயில் மணியே ஒரு கணம் நின்றுபோயிற்று.

"ரங்கசாமி" என்றார் அண்ணி.

அண்ணன் மடியிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். தலை நிமிரவில்லை. வீட்டில் வெகுநாள் அண்ணியோடு பேசவும் இல்லை. அண்ணி அதையும் தாங்கிக்கொண்டு, உங்களுக்கெல்லாம் தையல் சொல்லிக் கொடுத்தார். அதுவரை பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் பெண் உறுப்பினரின் கைநாட்டு மட்டுமே வரும். பிறகு உறுப்பினரே வந்தார். பணம் கட்டடத்தைத்தான் கொண்டுவந்தது. இது அண்ணி கொண்டுவந்தது.

அந்த ஒற்றைச் சொல்லின் சத்தம்தான் எனக்கு மிச்சம். அதில் பொய் கலக்க மனம் வரவில்லை. நான் முழங்கினேன் என்றேனே, அது மட்டும் நான் கட்டிவிட்ட கதை. கொழுந்தன் நான், பெயரை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அண்ணியின் குரலைத் தவிர வேறு குரலே இல்லை.