என் காருக்கு என்னைத் தெரியாமல் போன நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் இது நடந்தது. யட்டியாந்தோட்டை டவுனிலிருந்து மலை ஏறி உள்ளே வரவேண்டிய தோட்டம் எங்களுடையது. கோயில் மட்டும் கீழே, ஓயாக் கரை மைதானத்தில் இருக்கிறது. சின்ன ஆற்றை நாங்களும் சிங்களத்தில் சொல்வதுபோல ஓயா என்றுதான் சொல்வோம்.

அந்த மைதானத்தில்தான் என் கார் நின்றது. பழைய ஜப்பான் கார், சின்னது, இரண்டு பேர் கை மாறி வந்தது. ஆனால் அதை வாங்க நான் ஏழு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். என் மகள் பெரியமனுஷி ஆனதைக்கூட போனில்தான் கேட்டேன். திரும்பி வந்து லைசன்ஸ் எடுத்து, டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றி வாடகைக்கு, ஹயர் ஓட ஆரம்பித்தேன். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்போம்; எங்கள் லயத்தில் கார் ஓட்டும் முதல் பொம்பளை நான்தான். அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது, மறைப்பானேன்?

திருவிழாவில் வண்டிச் சாவியை அர்ச்சனைத் தட்டில் வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். பூசாரி அதை அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தருவார். அன்றைக்குக் கூட்டமோ கூட்டம். தட்டு திரும்பி வந்தது, தேங்காய் மூடி வந்தது, திருநீறு வந்தது, சாவி மட்டும் வரவில்லை. "பூவுக்குள்ளதான் கெடக்கும், காலையில தேடிக்கலாம்" என்றார் பூசாரி. விடிந்து நான் போவதற்குள் கரகத்தோடு சேர்த்துப் பூ, வேப்பிலை எல்லாவற்றையும் அள்ளி ஓயாவில் விட்டுவிட்டார்கள். என் சாவியும் அம்மனோடு போய்விட்டது! வாங்கும்போதே ஒரே ஒரு சாவிதான் தந்திருந்தார்கள்.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆத்தா சாவியோட விட்டாளே, காரையும் சேத்துக் கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாவி வெட்டும் சிங்கள பாஸ் ஒருவர் இருந்தார்; கைத்தொழில்காரரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். போன் பண்ணியதும் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். என்னைவிட வயதில் இளையவர், சாதுவான மனுஷன். கதவுப் பூட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சாவித் தகட்டை விடுவதும் எடுத்து அராவுவதுமாக ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார். கதவு திறந்தது. ஸ்டியரிங் பூட்டும் விட்டது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். இஞ்சின் பிடித்தது, இரண்டு வினாடியில் நின்றது. மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது. முன்னால் சாவிப் படம் போட்ட ஒரு சிவப்பு லைட் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கலபல வென்ட எப்பா அக்கா" என்று பாஸ் என்னை அமைதிப்படுத்திவிட்டு, சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னார். சாவியில் பிழை இல்லையாம். யாரும் திருடாமல் இருக்கக் காருக்குள் கம்பெனியே ஒரு காவல் வைத்திருக்கிறதாம். பழைய சாவியின் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருந்ததாம், அதைக் கண்டால்தான் இஞ்சினை ஓட விடுமாம். புதிதாக ஒரு சிப் போட்டு அதைக் காருக்கு அறிமுகப்படுத்த மெஷின் வேண்டும், அது அவிசாவளையில் உள்ள தன் கூட்டாளியிடம் இருக்கிறது, நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்றார்.

நான் எங்கே கேட்டேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம், நேற்று வரை நல்லாயிருந்த கார் இவர் கை வைத்தபிறகு ஓடவில்லை என்பதுதான். எங்கள் தோட்டத்தில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஒரே வைத்தியம், லயமே வந்து தள்ளும். கொழுந்து லொறிகூட அப்படி ஓடியிருக்கிறது. "இது ஆட்டோ கியர், தள்ளி ஸ்டார்ட் ஆகாது அக்கா" என்று அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். நான் எல்லோரையும் கூப்பிட்டு மைதானத்தைச் சுற்றி மூன்று தரம் தள்ள வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு வாங்க ஆளாளுக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒனக்கு வேலை தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லணும். நல்ல காரக் கெடுத்துட்டு மெஷின் கிஷின்னு கதை சொல்றியா? கள்ளன்!" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். அவருக்கு முகம் செத்துப்போனது. சாவியை என் கையில் வைத்து, "மழ வரும் அக்கா. நியூட்ரல்ல போட்டு மேல தள்ளி வைங்க" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

இவர் என்ன எனக்குச் சொல்வது என்று வீம்பாக, காரை அங்கேயே விட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று மணிக்குப் பிடித்தது மழை. ஐந்து மணிக்குள் ஓயா கரை தாண்டிவிட்டது. யாரோ ஓடி வந்து சொல்ல, நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பாதிச் சக்கரம் தண்ணீருக்குள் இருந்தது. ஏழு வருடம் கண் முன்னால் முங்குகிறதே என்று அழுகை வந்துவிட்டது.

"அழுதது போதும், அந்த பாஸ் தந்த சாவியப் போடு!" என்று வீட்டுக்காரர் கத்தினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டியரிங் விட்டது. நியூட்ரலில் போட்டேன். காலையில் தள்ளிக் களைத்த அதே சனங்கள் மறுபடி தோள் கொடுத்தார்கள். "அரோகரா!" என்று ஒரு சத்தம், ஒரு தள்ளு. சேற்றிலும் மேட்டிலும் ஏறி, கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலுக்கு வந்து சேர்ந்தோம். திரும்பிப் பார்த்தால், கார் நின்ற இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. நான் கள்ளன் என்று சொன்ன மனுஷனின் சாவி இல்லாவிட்டால் ஸ்டியரிங்கும் திரும்பியிருக்காது, கியரும் விழுந்திருக்காது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். மறுநாள் எட்டு மணிக்கு, கூட்டாளியோடு. பாதையில் தண்ணீர் நின்றதால் மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் விட்டுவிட்டு, முழங்காலுக்கு மேல் காற்சட்டையை மடித்து, மெஷினைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தார். முதலில் மைதானத்தைத்தான் பார்த்தார். அங்கே கார் இல்லை. அப்படியே திகைத்து நின்றுவிட்டார். நான் மேலேயிருந்து கூப்பிட்டுக் காரைக் காட்டினேன். "அப்போ, பேருணா!" என்று சிரித்தார். தப்பித்துவிட்டதே என்று, தன் சொந்தக் கார் மாதிரி!

ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி அரை மணி நேரம் இரண்டு பேரும் என்னவோ செய்தார்கள். சிவப்பு லைட் அணைந்தது. இஞ்சின் பிடித்தது, நிற்கவே இல்லை. லயத்துச் சனம் ஒரே கூச்சல். நான் மட்டும் அழுதுகொண்டு, "பாஸ், என்னைய மன்னிச்சுக்குங்க. நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றேன்.

"பரவால்ல அக்கா. காரும் கள்ளன் பயத்துலதானே கதவு மூடிச்சு. அக்காவும் அப்பிடித்தான்" என்றார்.

அவர் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! சரியான சாவியை நம்ப என் காருக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. ஒரு சரியான மனுஷனை நம்ப எனக்கு ஓயா பெருக வேண்டியிருந்தது. இப்போதும் யார் மீதாவது வாய் நீளப் பார்க்கும்போது, பேச்சு வாங்கிய இடத்துக்கே சேற்றில் நடந்து வந்த அந்த மனுஷன் நினைவுக்கு வருகிறார். முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன்.