குட்டையனுக்கு எத்தனையாவது இடம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணி அடிக்கும்போது கிருபாபாய் வீட்டில் உட்கார்ந்து குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருப்பாள். ஆசைப்பட்டு இல்லை. அமெரிக்காக்காரன் சனிக்கிழமை ராத்திரி வைக்கிற சண்டை நமக்கு ஞாயிறு காலையில் வந்து விடிகிறது; அதற்கு அவள் என்ன செய்வாள்?

அவள் கணவர் வேதமணி ராணுவத்தில் குத்துச்சண்டை போட்டவர். ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த பிறகும் அந்தக் கிறுக்கு அவரை விடவில்லை. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எல்லா வீரர்களும் ஒரே எடையாக இருந்தால் எவன் கெட்டிக்காரன் என்று ஓட்டுப் போட்டு, பத்துப் பேரை வரிசைப்படுத்துவது அவர்கள் வேலை. ஒருநாளும் மோதப் போகாதவர்களை எதற்கு வரிசையில் நிறுத்துகிறீர்கள் என்று கிருபாபாய் கேட்டதுண்டு. உருப்படியான பதில் வந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் அவரைக் கட்டிலில் தள்ளிவிட்டது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் துளியும் மங்கவில்லை, அதுதான் கொடுமை. கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. சண்டை முடிந்ததும் கிருபாபாய் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள், சரியான இடம் வந்ததும் அவர் கண்ணை மூடுவார், அவள் போனில் தட்டி அனுப்புவாள். வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாமல் குட்டையன், பச்சை குத்தினவன், இடக்கைக்காரன் என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் போட்டுப் பார்த்துக்கொள்ளலாமே என்றால் இரண்டு தடவை மூடுவார். முடிவு தெரிந்து பார்ப்பது அவருக்குப் பார்த்த கணக்கில் சேராது.

போன் பிடிக்க, வாயோரம் துடைக்க, புரட்டிப் படுக்க வைக்க அவள்தான். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள், இப்போது ஜன்னல் வழியே வரும் பாட்டுக்கு உதட்டை அசைப்பதோடு சரி. அவர்மேல் அவளுக்குப் பாசம் உண்டு. கோபமும் அதே அளவு உண்டு. கோபத்தைக் காட்டத்தான் வழியில்லை.

சபையார் எல்லோரும் கோயிலில் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின நாள், ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஆஷிகா வந்து இறங்கினாள்.

"ம்மா, நாளைக்கு நீ கோயிலுக்குப் போ. அப்பாவ நான் பாத்துக்கிடுதேன்."

"சண்டை இருக்குட்டி. அவிய ஓட்டுப் போடணும்."

"பேரச் சொல்லிட்டுக் கண்ணப் பாக்கதுதான? அது எனக்குத் தெரியாதா?"

வேதமணி கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார்.

கிருபாபாய் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். பாட்டு வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிரசங்கம் தொடங்கியதும் மனசு வீட்டுக்கு ஓடிவிட்டது. களைத்தால் குட்டையன் இடது கையை இறக்கிவிடுவான். இன்றைக்கும் இறக்கியிருப்பானா? ஆஷிகா அதையெல்லாம் கவனிப்பாளா? ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அங்கேயும் குட்டையன் வந்து நின்றான். அவளுக்குப் பயமாக இருந்தது. இதிலிருந்து விடுதலை வேண்டும் என்றுதானே இத்தனை நாள் ஜெபித்தாள்? அசனச் சாப்பாட்டுக்குக் கூட நிற்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

"குட்டையன் செயிச்சிட்டாம்மா. அப்பா அவன ரெண்டாவது எடத்துக்கு ஏத்தச் சொன்னாவ. அனுப்பிட்டேன்," என்றாள் ஆஷிகா.

கிருபாபாய் சேலை மாற்றாமல் உட்கார்ந்து சண்டையை முழுக்கப் போட்டுப் பார்த்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"இவன் எங்கங்க செயிச்சான்? பாதிக்குப் பொறவு கைய எறக்கிட்டு ஓடிக்கிட்டேல்லா இருந்தான். நாலாவது எடமே அதிகம். நாளைக்கு வரைக்கும் மாத்தலாம், மாத்திருவமா?"

அவர் இரண்டு தடவை மூடினார்.

"நீங்களும் குட்டைதான, அதான் அவனத் தூக்கி வைக்கிய."

இரண்டு தடவை. மறுபடியும் இரண்டு தடவை. இடது கை கட்டில் சட்டத்தில் ஓங்கித் தட்டியது.

"தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு அம்புட்டையும் சரின்னுட்டு இருக்க முடியாது."

ஆஷிகா வாயைப் பிளந்து நின்றாள். அப்பா படுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுடைய அம்மா குரல் உயர்த்திக் கேட்டதில்லை. படுத்தவரோடு யார் மல்லுக்கு நிற்பார்கள்? அவர் முகம் சிவந்திருந்தது. கண்ணில் பழைய வேதமணி நின்றார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் நான் வரட்டாம்மா?"

"வேண்டாம்," என்றாள் கிருபாபாய். சட்டென்று வாயில் வந்துவிட்டது. பிறகு அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.