பால் டிரம்முக்குச் சாய்வு, மனுஷிக்குப் படிக்கட்டு

எங்கள் தோட்டத்துப் பால் ஸ்டோரில் படியே கிடையாது. ரப்பர் பால் டிரம் உருள வேண்டுமென்று வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே சாய்வாகத் தளம் போட்டிருந்தார்கள். லோரியில் ஏற்றுவதற்கும் அகலமாக ஒரு பலகை உண்டு. பாலுக்கு அவ்வளவு யோசனை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் நான் சொல்லப்போவதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

எண்பதுகளில் இங்கே மலேசியாவில் சிரம்பான் டவுனில், வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்க ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். தோட்டத்துப் பழைய சாமான் வேண்டுமென்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீடு வீடாக வந்து கேட்டார். என் அக்கா தன் காண்டாக் கம்பைக் கொடுத்தாள். இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கிற கம்பு அது. இருபது வருஷம் சுமந்தாள். மேட்டுக்காட்டில் சறுக்கி விழுந்து இடுப்பு போனதும் அந்தக் கம்போடுதான். அப்புறம் சக்கர நாற்காலி. கம்பை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

பால் லோரி டிரைவரைக் கெஞ்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வாசலில் நாலு படி, பளபளவென்று மார்பிள். கட்டடத்தைச் சுற்றி வந்து பார்த்தேன், சாய்வு எந்தப் பக்கமும் இல்லை. காவலுக்கு நின்றவர் நம்ம ஆள்தான். நாலு பேர் தூக்கிக்கொண்டு போகலாமே என்றார்.

"மூட்டையா நான்?" என்றாள் அக்கா.

நான் லோரிப் பலகையை இறக்கச் சொன்னேன். மார்பிள் கீறிப்போகும், மேலிடத்தில் கேட்பார்கள் என்று காவல்காரர் பின்னாலேயே வந்தார். கேட்கட்டும் என்று போட்டுவிட்டேன். பலகை முழுக்கக் காய்ந்த பால் ஒட்டியிருந்ததால் சக்கரம் ஓரிடத்திலும் வழுக்கவில்லை. தள்ளினேன், ஏறிவிட்டாள்.

உள்ளே கம்பை ஆள் உயரத்துக்கும் மேலே சுவரில் அடித்திருந்தார்கள். தோள் பட்டுத் தேய்ந்த இடம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவள் வந்ததே. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள்.

வாசலுக்கு வந்தால் பலகையைக் காணோம். வெளிநாட்டு ஆட்கள் பஸ் வருகிறதாம், பலகை கிடந்தால் அசிங்கமாக இருக்குமாம். காவல்காரர் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். தூக்கி இறக்க ஆள் கூப்பிடட்டுமா என்று மறுபடியும் கேட்டார். என் வாயில் வந்ததை இங்கே சொல்ல முடியாது.

அக்கா சத்தம் போடவில்லை. நாற்காலியை நடு வாசலில் நிறுத்தி பிரேக்கை இழுத்துவிட்டாள்.

"பலகை வரட்டும், தம்பி. அதுவரைக்கும் நானும் ஒங்க காட்சிச் சாமான்தான்."

பஸ்ஸும் வந்தது. வந்தவர்கள் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கி உள்ளே போனார்கள். நீங்களாவது சொல்லுங்க லா என்று காவல்காரர் என் காதோரம் வந்தார். சொல்லமாட்டேன் என்றேன். கடைசியில் அவரே பலகையைத் தோளில் வைத்துச் சுமந்துவந்து போட்டார். சட்டையெல்லாம் கறை.

இறங்கியதும் அக்கா அவரிடம் சொன்னாள்: "இது இங்கயே கெடக்கட்டும். ஆனா சுவத்துல மாட்டிராதீங்க."

நாளைக்கு டிரம் ஏற்ற நான் எங்கே போவேன் என்று டிரைவர் முணுமுணுத்தார். டிரம்முக்கு என்றால் தோட்டத்தில் விடிவதற்குள் வேறு பலகை அறுத்துத் தருவார்கள், பாருங்கள் என்றேன்.

தந்தார்கள்.