குழாய் வளைவில் அலுமினியத் தூள்

விசிறியின் பச்சைப் பொத்தானின் மேல் ஒரு விரல் நின்றிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முகமூடி அணிந்து நின்ற சூப்பர்வைசர் அக்காவின் விரல் அது. இப்பால் நின்று நான் இரு கைகளாலும் கதவைத் தட்டினேன்.

திருமங்கலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையோரம் இருந்தது எங்கள் கம்பெனி. மாவைவிட மென்மையான அலுமினியத் தூளை அடுக்கடுக்காகப் பரப்பி, லேசரால் உருக்கி, இயந்திர பாகங்களை அச்சிட்டோம். அந்தத் தூள் எப்படிப் பரவும், எங்கே பறக்கும் என்று கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது என் வேலை. அன்றைக்குப் புதிதாக வந்திருந்த தூளில் பொடிமணிகள் அதிகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து பார்த்தபோது, அவை மேலே கிளம்பி, புகையிழுக்கும் விசிறிக்குப் போகும் குழாயின் வளைவில் குவிவதைத் திரை காட்டியது. அச்சு வேலை முடிந்து அக்கா இயந்திரத்தைத் திறந்திருப்பார், தீப்பிடிக்காமல் காக்கும் பாதுகாப்பு வாயு போய் உள்ளே வெளிக்காற்று புகுந்திருக்கும், அடுத்து விசிறியைத்தான் போடுவார் என்று உறைத்ததும் ஓடினேன். விசிறி மோட்டாரிலிருந்து ஒரு பொறி போதும், காற்றோடு கலந்த அந்தத் தூள் வெடித்துவிடும்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். நான் வேண்டாம் என்று கையசைத்தேன். விரலை எடுத்தார்.

கணினியில் தெரிவதெல்லாம் நிசமா என்று சத்தம் கேட்டு வந்த மேனேஜர் சலித்துக்கொண்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"பொய்யாவே இருக்கட்டும் சார். பாத்துட்டுப் போடுவோம்."

மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து, காற்றை வெளியேற்றி, பாதுகாப்பு வாயுவை நிரப்பிக் காத்திருந்து, பிறகு குழாயைக் கழற்றினார்கள். வளைவை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத் தூள் கிடந்தது.  அக்கா வெளியே வந்து வராந்தாத் தரையில் உட்கார்ந்தார். 

"விரல வச்சுட்டேன்டி. அமுத்தல, அம்புட்டுதான்."

 கணக்கு ஓடி முடியச் சற்றுத் தாமதமாகியிருந்தால், நான் டீ குடிக்கப் போயிருந்தால் என்று மனம் அங்கேயே சுற்றியது. என் திரையில் தூள் இருந்தது, காற்று இருந்தது, குழாய் இருந்தது. விசிறியைப் போடப்போகிற மனுஷியை நான் ஒருநாளும் அதில் வைத்துப் பார்த்ததில்லை.

அக்கா இப்போது கோயம்புத்தூரில் அதே வேலையில் இருக்கிறார். மதியத்தில் போனில் பேசுவோம். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டுவிடுவேன், குழாயைப் பார்த்தீர்களா என்று.

"பாத்துட்டுத்தான் வந்தேன். நீ சாப்பிடு," என்பார்.

அதன்பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.