பார்க்கிங் அபராத முறையீட்டில் எழுதாமல் விட்டது

கடந்த கார்த்திகையில் அக்காவைப் பார்க்க ரொறன்ரோவிலிருந்து டென்மார்க் போனேன். இக்காஸ்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவர் கடைசி நாட்களில் இருந்தார். பில்லுண்ட் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்தேன். அங்கிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். பிராண்டே வழியாகப் போனால் நல்ல வீதி.

இல்லத்தின் தரிப்பிடம் நிரம்பியிருந்தது. பக்கத்துக் கடைத்தொகுதியில் காரை விட்டேன். அங்கே இரண்டு மணிநேரம் இலவசம். ஆனால் வந்த நேரத்தை முன்கண்ணாடியில் காட்ட வேண்டும். அதற்கான கருவியை டேனிஷில் பி-ஸ்கீவ என்பார்கள். என் காரில் இருந்தது தானாக நேரம் காட்டும் மின்கருவி. அதில் எண் தெரிகிறதா என்று நான் பார்க்கவில்லை, உள்ளே ஓடினேன்.

அன்று மாலை அக்கா போய்விட்டார். வெளியே வந்தபோது கண்ணாடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் மஞ்சள் தாள்: வந்த நேரம் காட்டவில்லை என்று 795 குரோனர் அபராதம். கருவியின் திரை வெறுமையாக இருந்தது. ஏனென்று தெரியாமலே படம் எடுத்து வைத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் முறையீடு எழுத உட்கார்ந்தேன். அக்காவின் மரணத்தைத்தான் முதல் வரியாக எழுதினேன். அக்காவின் கணவர், அத்தான், அதை வாசித்துவிட்டுத் தாளை என்னிடம் திருப்பித் தந்தார்.

"காசைக் கட்டிவிடும் தங்கச்சி. அவ போனதைச் சொல்லி அவங்களிட்டை இரக்கம் கேக்க வேண்டாம்."

அவர் மகள் நிரோசா டேனிஷில் ஏதோ சொன்னாள். பிறகு எனக்காகத் தமிழில் சொன்னாள்: "சித்தி, அம்மாவை எழுதத் தேவையில்லை. மெசின் பழுது. அதை மட்டும் எழுதுவம்."

அவளே வாடகை நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். கருவியின் மின்கலம் செத்திருந்ததை அவர்கள் எழுத்தில் உறுதிப்படுத்தினார்கள். அதையும் என் படத்தையும் இணைத்து நான்கு வரியில் அனுப்பினோம். நான் ரொறன்ரோ திரும்பியபின் அபராதத்தை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. அந்த அபராதத்தைக் கையாண்டதற்கென்று வாடகை நிறுவனம் என்னிடம் பிடித்த கட்டணம் மட்டும் திரும்பவில்லை.

இதே வழியில் போகிறவர்களுக்கு: சாவியை வாங்கியதும் அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அபராதம் வந்தால் உடனே படம் எடுங்கள். முதலில் அதை விதித்த நிறுவனத்திடமே முறையிட வேண்டும். அவர்கள் மறுத்தால் தனியார் தரிப்பிட அபராதங்களுக்கென்று ஒரு முறைப்பாட்டுச் சபை இருக்கிறது.

அந்த நான்கு வரியில் இல்லாததை இங்கே எழுதுகிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா கண் திறந்தார். "வந்திட்டியே" என்றார்.