வெயில் ஆகாத முகம்

மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களையெடுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் என் முகம் சிவந்தது. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் தடிப்பு படர்ந்தது. காய்ச்சல் வந்து வந்து போனது. விரல் மூட்டுகள் வீங்கி, குழந்தைக்கு அரைஞாண் கயிறு முடியக்கூட முடியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் செஞ்சியில் முகம் தடித்த பெண்ணுக்கு ஊர் ஒரே பெயர்தான் வைத்திருந்தது: பெருநோய், அதாவது குஷ்டம்.

மாமியார் மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். அந்த நேர்த்திக்கடனைத் தீர்க்க வேண்டியவள் நான். உச்சி வெயிலில் முழங்காலாலேயே கோவிலைச் சுற்றிவர வேண்டும். பக்தியோடுதான் சுற்றினேன். மறுநாள் முகம் எரிந்தது, எழுந்து உட்காரவே முடியவில்லை.

"மாதாவே ஏத்துக்கல. இன்னா பாவம் பண்ணாளோ," என்றார் மாமியார். எனக்குத் தனித் தட்டு, மாட்டுக் கொட்டகையில் பாய். பால் குடிக்கும் என் மகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் வீட்டுக்குள் அழ, இங்கே என் ரவிக்கை நனைந்தது. எனக்கு வந்தது துக்கமில்லை, கோபம்.

மண்டகப்பட்டில் பிறந்த வீட்டிலிருந்த என் நைனாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வண்டி கட்டி வந்து என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா என் கண்ணைப் பொத்திக்கொண்டு கன்னத்தில் ஊசியால் குத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது!" என்று கத்தினேன். பெருநோயாக இருந்தால் மரத்துப் போயிருக்குமாம். வலித்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

"இது லூப்பஸ். யாருக்கும் ஒட்டாது. உன்னை விட்டும் போகாது. வெயில் மட்டும் ஆகவே ஆகாது," என்றார். காரணம் அவருக்கும் தெரியவில்லை. நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே ஆள் தெரியாமல் நம் உடம்பைத் தாக்குகிறது என்று வெகுகாலம் கழித்து வேறொரு டாக்டர் விளக்கினார். கோட்டைக் காவல்காரன் உள்ளே இருப்பவர்களையே அடிக்கிற கதை என்று நான் புரிந்துகொண்டேன்.

வீடு திரும்பிச் சொன்னேன். மாமியார் நம்பவில்லை. "திருவிழா வருது. தேருக்கு முன்னால இன்னொரு வாட்டி முட்டி போட்டு சுத்து. மூஞ்சி தெளிஞ்சா கொயந்தைய தர்றேன்." என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திருவிழா அன்று கோவில் வாசலில் நான் மண்டியிடுவதைப் பார்க்க ஊரே காத்திருந்தது. வெயில் கொளுத்தியது. நான் என் கணவரின் கறுப்புக் குடையை விரித்தேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எதிரில் மருமகள் குடை பிடித்தால் அது திமிர். அன்றைக்குக் குடை தேரில் வரும் மாதாவுக்கு மட்டும்தான்.

"கொடைய மடக்குடி! மாதாவுக்குச் சமமா நிக்கிறியா?" என்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் கத்தினார்.

"மாதா மேல வெயில் படக் கூடாதுன்னு நீங்கதான் கொடை புடிக்கிறீங்க. என் மேலயும் படக் கூடாது, அத்தே. அவங்களும் புள்ளைய கையில வச்சிக்கினுதான் நிக்கிறாங்க. அவங்ககிட்டருந்து யாரும் புடுங்கல. எம்புள்ளைய குடுங்க."

மாமியார் தேரை அண்ணாந்து பார்த்தார். மகள் என்னைக் கண்டு இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், அவர் தடுக்கவில்லை.

தேர் நகர்ந்தது. பின்னாலேயே நானும் நடந்தேன். வீங்கிய விரல்களில் குடைக் காம்பு உயிர்போக வலித்தது. மடக்கவில்லை.